பின்சக்கர பிரேக்கை இனங்காணல்: காளஹஸ்தி வாகன நிறுத்துமிடத்தை முன்வைத்து ஓர் அளவையியல் ஆய்வு

ஒரு காரின் பின்சக்கரத்தில் இருப்பது டிஸ்க் பிரேக்கா, டிரம் பிரேக்கா என்னும் வினா, கார் வாங்கும் நாளில் எவருக்கும் தோன்றாததும், வாங்கிச் சில ஆண்டுகள் கழித்து மைத்துனர் கேட்டவுடன் உறக்கத்தைக் கெடுப்பதுமாகிய தனிச்சிறப்பு உடையது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பிரமாணங்கள் பலவாக எண்ணப்படினும் அவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளுள் அடங்கும் என்று கொள்வதால், இவ்வாய்வும் அம்மூன்றைக் கொண்டே அவ்வினாவைத் தீர்க்க முற்படுகிறது.

ஆய்வுக்களமாகக் காளஹஸ்தி அமைந்தது தற்செயலன்று. இத்தலத்தை வழிபட்டபின் வேறு கோயிலுக்குச் செல்லாமல் நேரே வீடு திரும்ப வேண்டும் என்னும் நம்பிக்கையால், தமிழ்நாட்டுக் குடும்பங்கள் திருமலையை முதலில் முடித்துக்கொண்டே இங்கு வருகின்றன. ஆகவே இங்கு நிற்கும் கார்களுள் பல, 1944இல் திறக்கப்பட்டு இன்று இறங்குவதற்கு மட்டும் பயன்படும் மலைப்பாதையின் வளைவுகளில் பிரேக்கைத் தேய்த்துவிட்டு வந்தவை. வாயுத்தலம் ஆதலின் காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக்கே இங்கு ஆராயத்தக்கது எனச் சிலர் வாதிடலாம். அது பஸ்ஸுக்கும் லாரிக்கும் உரியது, காருக்கு உரியது பிரேக் ஆயில் என்பதால் அவ்வாதம் தள்ளப்படுகிறது.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு. காலிபர் என்னும் கவ்வி அதனை இருபுறமும் பேடுகளால் அழுத்தி நிறுத்தும். டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் கிண்ணம். பிறை வடிவான இரண்டு ஷூக்கள் உள்ளிருந்து விரிந்து அதன் உட்சுவரை உரசும். முன்னதற்கு இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902இல் காப்புரிமை பெற்றார். பின்னதைப் பிரான்சின் லூயி ரெனோ அதே ஆண்டில் உருவாக்கினார். டிஸ்க் வெளிப்படையாகத் தொழில் செய்ய, டிரம்மோ ராகு கேதுக்களைப் போல் கண்ணுக்குப் புலனாகாமல் பலன் தருகிறது.

முதலாவது காட்சி. அலாய் வீலின் இடைவெளி வழியே செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்து நோக்குமிடத்து, பளபளக்கும் தட்டும் அதன் ஓரத்தில் காலிபரும் தெரிந்தால் டிஸ்க் என்றும், துருவேறி மங்கிய கிண்ணம் தெரிந்தால் டிரம் என்றும் கொள்ளப்படும். இதற்கு இடையூறு மூன்று: வீல் கப், ஆய்வாளரின் முழங்கால், தரிசனம் முடித்து வந்து “என்ன சார் பாக்குறீங்க?” என்னும் உரிமையாளர். இவற்றினும் கொடியது திரிபுக்காட்சி. டிரம்மின்மேல் ஒட்டுவதற்கென்றே சிவப்பு பிளாஸ்டிக்கில் காலிபர் கவர் விற்கப்படுவதால், பாம்பு பூசித்த தலத்திலேயே கயிற்றைப் பாம்பெனக் காணும் மயக்கம் நேர்கிறது. காரை ஓரடி தள்ளினால் மயக்கம் தெளியும். டிரம்மில் ஒட்டிய கவர் சக்கரத்தோடு சுற்றும், மெய்யான காலிபர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டாவது கருதல். பேடு தேய்ந்த கரித்தூள் டிஸ்க்கில் வெளியேறி வீலில் படியும், டிரம்மில் பெரும்பாலும் உள்ளேயே தங்கும். எனவே முன்வீல் கறுத்துப் பின்வீல் வெளுத்திருந்தால் பின்னால் டிரம் என்பது அனுமானம். ஆயின் பிரேக் பிடிக்கையில் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் பின்பக்க டிஸ்க்கும் குறைவாகவே தேயும் என்பதை நோக்க, இது ஏதுப்போலி, அதாவது காரணம்போல் தோன்றும் காரணமல்லாதது, ஆகிறது. விலை மிகுந்த காரில் டிரம் இராது என்னும் கருத்தும் அத்தகையதே. இன்னோவா கிரிஸ்டாவின் பின்சக்கரமும், ஃபோக்ஸ்வாகனின் மின்சாரக் காரான ஐடி.3இன் பின்சக்கரமும் அதனை மறுக்கின்றன.

மூன்றாவது உரை. உரிமையாளர் “நாலு வீலும் டிஸ்க்தான், ஏபிஎஸ் இருக்கே” என்பார். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ், டிரம்மோடும் இயங்கும் என்பதால் அவர் ஆப்தர், அதாவது நம்பத்தகும் உரையாளர், அல்லர். “பின்னாடி ஷூ போயிடுச்சு சார்” என்னும் மெக்கானிக்கே ஆப்தர் எனலாம்; ஆனால் சில கார்களில் பின் டிஸ்க்கின் நடுவே ஹேண்ட்பிரேக்குக்கென்று சிறு டிரம்மும் ஷூவும் இருப்பதால், பேடுக்கும் சேர்த்து பில் போட்டிருக்கிறாரா என்று பார்த்த பின்னரே அவ்வுரையும் கொள்ளத்தக்கது.

ஆகவே காட்சியே வலியது என்பதும், அதற்கும் கார் ஓரடி நகர வேண்டும் என்பதும் இங்கு நிறுவப்பட்டன. மலையிறக்கத்தில் காரைக் காப்பது குறைந்த கியரும் முன்சக்கர பிரேக்குமே. கார் நிற்பதில் பின்சக்கர பிரேக்கின் பங்கு எவ்வளவோ, அறிவுலகில் இவ்வாய்வின் பங்கும் அவ்வளவே எனக் கொள்க.