பொம்மைக் காருக்குள் ஏறும் பிள்ளை

கேள்வி: ஒன்பது மாதப் பேத்தி, புத்தகத்தில் அச்சிட்ட மாம்பழத்தைப் பறிக்கப் பார்க்கிறாள். பசியோ? (வாசகி, மதுரை)

பதில்: பசியில்லை பாட்டி, ஆராய்ச்சி! அந்த வயதில் பல குழந்தைகள் படத்தைத் தடவும், கிள்ளும், எடுத்துவிடவும் பார்க்கும். ஒன்றரை வயது தாண்டினால் பறிப்பது குறைந்து, விரல் நீட்டிக் காட்டத் தொடங்கும். அதுவரை புத்தகம் கசங்கினால் கசங்கட்டும்.

கேள்வி: இரண்டு வயது மகன், உள்ளங்கை அளவு காருக்குள் காலை நுழைக்கிறான். பார்வைக் கோளாறா? (வாசகர், ஈரோடு)

பதில்: கண் நன்றாகவே இருக்கிறது. காலை விடுவதற்கு முன் அந்தக் குட்டிக் கதவை இரு விரலால் பதமாகத் திறந்தானா, பாருங்கள். விரலுக்கு அளவு தெரிகிறது. 'ஏறு' என்ற எண்ணம்தான் முந்திக்கொள்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச்சும் சக ஆய்வாளர்களும் 18 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் இதைக் கண்டு, 2004-இல் எழுதினார்கள்.

கேள்வி: சின்னதைப் பார்த்துப் பெரியதைப் புரிந்துகொள்ளும் அறிவு எப்போது வரும்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: மூன்று வயதை ஒட்டி, திடுதிப்பென்று வருகிறது. 1987-இல் டிலோச் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். ஓர் அறை, அதே சாமான்களோடு அதன் குட்டி மாதிரி. குட்டி அறையில் ஒரு குட்டிப் பொம்மையைக் குழந்தையின் கண்ணெதிரே ஒளித்துவைத்து, 'பெரிய பொம்மையும் பெரிய அறையில் இதே இடத்தில்தான் இருக்கிறது, எடு' என்றார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் நேராகப் போய் எடுத்தார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைகள் திணறினார்கள். மறதி என்று சொல்ல முடியாது. குட்டிப் பொம்மையைக் கேட்டால் உடனே எடுத்துக் கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சோதனை. 'இந்த இயந்திரம் அறையையே சுருக்கிவிடும்' என்று இரண்டரை வயதுப் பிள்ளைகளை நம்பவைத்தார்கள். பொம்மையை இப்போது கண்டுபிடித்துவிட்டார்கள்! ஒன்று இன்னொன்றைக் குறிக்கிறது என்பதுதான் கடினம். அதே அறை சுருங்கியது என்றால் சிரமமே இல்லை. குட்டி அறையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டியபோதும் நன்றாகத் தேடினார்கள். கைக்கு எட்டாதபோது அது விளையாட்டுச் சாமானாக இல்லாமல் குறியீடாகத் தெரிகிறது.

கேள்வி: எழுத்து கற்க, இழுத்தால் எழும்பும் படங்கள் உள்ள புத்தகம் வாங்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: விளையாட வாங்குங்கள். எழுத்து படிய, சாதாரணப் புத்தகமே மேல். காகிதத்தை இழுக்கும் குதூகலத்தில் 'அ' யார் கண்ணிலும் படாது.