ஐந்நூறு பிக்குகளும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

21 நாள் படப்பிடிப்பு காணாமல் போய்விட்டது. திருடன் கொண்டுபோகவில்லை, தீ தின்னவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது, பிறகு இல்லை. 2024 பெப்ரவரி 9-ஆம் திகதி வெளிவந்த ‘லால் சலாம்’ ஏன் அப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கு இயக்குநர் ஐஸ்வர்யா ரஜினிகாந்த் பேட்டியில் சொன்ன காரணம் இது. தயாரித்தது லைகா. தமிழ்ச் சினிமாவில் அதைவிடப் பெரிய பணப்பை அப்போது எத்தனை இருந்தது என்று விரல்விட்டு எண்ணலாம். ஒரு கை போதும்.

இதை அலுவிகாரையில் உட்கார்ந்து படிப்பவனுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. கண்டி–யாழ்ப்பாண வீதியில் மாத்தளையிலிருந்து வடக்கே மூன்று கிலோமீற்றர். பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் ஸ்பைஸ் கார்டன்காரர்கள் கையைப் பிடிப்பார்கள்; தப்பித்து வந்தால் பாறை விகாரை. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்துப் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, தலைக்குள் மட்டும் இருந்த திரிபிடகம் தலைகளோடு அழிந்துவிடுமே என்ற பயத்தில் 500 பிக்குகள் இங்கே கூடி அதை ஓலையில் எழுதினார்கள். அதுவரை தலைமுறை தலைமுறையாக அது வாய்வழியே வந்தது. பதினைந்து சூத்திரங்களை வைத்த இடம் தெரியவில்லை என்று எந்தத் தேரரும் பேட்டி கொடுக்கவில்லை. அந்த மன்னனை விரட்டிவிட்டு ஐந்து தமிழர் அரியணையில் ஏறியதைக்கூட வம்சக்கதை ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருக்கிறது. ஞாபகம் என்றால் அதுவல்லவா ஞாபகம்!

1848 மாத்தளைக் கலகத்தின்போது வெள்ளைக்காரன் இந்த ஏடுகளை அழித்தான். உட்கார்ந்து மறுபடியும் எழுதினார்கள். எழுதி முடிக்க 1982 ஆனது என்று விகாரையில் சொல்கிறார்கள். (அடுத்த வருடம் ஜூலையில் பக்கத்து மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் தேர்களை எரித்தது வேறு கதை. அந்தக் கதையையும் எங்கள் தலைக்குள்தான் வைத்திருக்கிறோம்.)

மறுபடி லைகா. அதன் முதலாளி சுபாஸ்கரன் அல்லிராஜா முல்லைத்தீவில் பிறந்தவர். லண்டனில் 2006-இல் லைகா மொபைலைத் தொடங்கினார். புலம்பெயர்ந்த எங்கள் சனம் ஊருக்குப் பேச ஏங்கிக்கிடந்த காலம். மலிவான அழைப்பு, பெரிய வியாபாரம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அழுகைக்கும் நிமிடக்கணக்கில் காசு வாங்கியவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். பிறகு சினிமாவுக்கு வந்தார். வந்த அழகைப் பாருங்கள்.

2014 தீபாவளிக்கு ‘கத்தி’. நிறுவனத்துக்கு ராஜபக்சேக்களோடு தொடர்பு என்று தமிழ்நாட்டில் குற்றச்சாட்டு கிளம்பியது, நிறுவனம் மறுத்தது. ஊர்வலம், கொடும்பாவி, சென்னைத் திரையரங்கில் பெட்ரோல் குண்டு. ஈழத்துக்காகச் சென்னை கொதித்தது என்று நாங்கள் இங்கே ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் தீர்வு என்ன தெரியுமா? விளம்பரத்திலும் படத்திலும் ‘லைகா’ என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். பணம் அதே பணம், படம் அதே படம். பெயர் போனதும் பாவமும் போயிற்று. கொதித்த பால் இப்படி ஒரு ஊதலில் அடங்கியதை எந்த அடுப்பிலும் நான் கண்டதில்லை. அந்தப் பெயர் திரும்பி வந்தது. ஆளுயர எழுத்தில் வந்தது. கொதித்தவர்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள்.

2017-இல் இன்னொரு தவணை. வவுனியா சின்ன அடம்பனில் லைகாவின் ஞானம் அறக்கட்டளை கட்டிய 150 வீடுகளை ரஜினிகாந்த் வந்து கையளிப்பதாக இருந்தது. தமிழ்நாட்டுத் தலைவர்கள் போகாதே என்றார்கள், அவரும் வரவில்லை. போர் தின்ற சனத்தின் கையில் ஒரு திறப்பைக் கொடுப்பதற்குச் சென்னையில் அனுமதி வேண்டியிருந்தது. வீட்டுக்குரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எந்த மைக் அவர்கள் வாசலுக்குப் போனது?

படங்களுக்கு வருவோம். அங்கேதான் நிறுவனத்தின் அபாரத் திறமை இருக்கிறது: தன்னைத் திட்டும் கதைக்குத் தானே காசு கொடுப்பது. ‘கத்தி’ பெரும் கம்பெனி ஒன்று கிராமத்துத் தண்ணீரை உறிஞ்சும் கதை. 2018 நவம்பர் 29-இல் வந்த ‘2.0’ கைப்பேசிக் கோபுரத்தின் கதிர்வீச்சு குருவிகளைக் கொல்லும் கதை. எடுத்தது கைப்பேசிக் கம்பெனி! இந்தியக் கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் படத்தின் மேல் தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது. தொழில் தர்மத்தில் லைகா தன்மேலேயே முறையிட்டிருக்க வேண்டும். பிறகு ஊழலை ஒழிக்கும் தாத்தாவின் ‘இந்தியன் 2’. அந்தத் தாத்தாவின் வேலை நடந்துகொண்டிருக்கையில், 2023 அக்டோபரில், சகோதர நிறுவனமான லைகா மொபைலின் பிரெஞ்சுக் கிளைக்கு வரி மோசடி, பணச்சலவை வழக்கில் பாரிஸ் நீதிமன்றம் 1 கோடி யூரோ அபராதம் போட்டது. மேல்முறையீடு என்றது நிறுவனம். தாத்தா வர்மக்கலையை விட்டுவிட்டு பிரெஞ்சு படித்திருக்கலாம்.

‘இந்தியன் 2’-இல் நான் சிரிக்காத இடம் ஒன்று உண்டு. 2020 பெப்ரவரி 19 இரவு, சென்னைக்கு வெளியே ஈவிபி படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் செத்தார்கள். சுவரொட்டியில் முகம் வராத ஆட்கள். பாதுகாப்பு எங்கே என்று, தாத்தாவாக நடித்த கமல்ஹாசன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். தளம் உங்கள் கட்டுப்பாட்டிலும் இயக்குநர் கட்டுப்பாட்டிலும்தானே இருந்தது என்று நிறுவனம் பதில் எழுதியது. பாடை எடுத்த ஈரம் காயுமுன் பந்தை யார் மைதானத்தில் உதைப்பது என்று பார்த்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் கை போனவன் பிள்ளைக்கு இந்தக் கடிதங்கள் புதிதல்ல. துரை எழுதுவான், கங்காணி எழுதுவான், கை மட்டும் திரும்ப வராது. பிறகு இயக்குநர் ஷங்கர் வேறு படத்துக்குப் போகக்கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு. 2019-இல் தொடங்கிய படம் 2024 ஜூலை 12-இல் வந்தது. அதில் பன்னிரண்டு நிமிடம் அதிகம் என்பது சனம் காசு கொடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வெட்டினார்கள். மிச்சம் இருந்ததே பிரச்சினை என்று சனம் சொன்னது.

படம் எடுப்பதைவிட வட்டிக்கு விடுவதில் கை சுத்தம். நடிகர் விஷாலின் பழைய கடனை ஏற்றுக்கொண்ட கணக்கில் அவர் 21.29 கோடி ரூபாயை 30 சதவீத வட்டியோடு கொடுக்கவேண்டும் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தக் கணக்கு எந்த ஹார்ட் டிஸ்க்கிலும் அழியவில்லை பாருங்கள்!

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். ‘கோலமாவு கோகிலா’ போன்ற சின்னப் படத்தில் அந்தப் பணம் நன்றாகவே பேசியது. ‘பொன்னியின் செல்வன்’ எடுத்ததும் துணிச்சல்தான். கல்கியின் வந்தியத்தேவன் இங்கிருந்து வடக்கே இதே வீதியில் இருக்கும் தம்புள்ளை வரை வருகிறான். முதலாளி முல்லைத்தீவு, கதை தம்புள்ளை. படப்பிடிப்பு தொடங்கியதோ தாய்லாந்தில்.

இரண்டாம் பாகம் வந்தது 2023 ஏப்ரல் 28. மூன்று மாதம் கழித்து, ஜூலை 28-இல், தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு. பாட்டனும் பாட்டியும் காடு, காய்ச்சல், கொலரா என்று வழிநெடுக ஆட்களைப் புதைத்துக்கொண்டு மாத்தளைக்கு நடந்த அதே வழி. பதினாறு நாள் நடந்து, ஓகஸ்ட் 12-இல், அலுவிகாரையைத் தாண்டி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். குதிரை இல்லை, கிராஃபிக்ஸ் இல்லை, பாட்டன் காலத்தில் கப்பல் மட்டும் இருந்தது. அது மூழ்கிய கதைகளும் இருந்தன. சோழன் வந்த வழிக்குக் கோடிகள் உண்டு. கூலி வந்த வழிக்கு ஒரு நாள் கால்ஷீட்டும் இல்லை. ‘கூலி’ என்ற பெயரில் ரஜினி படமே வந்துவிட்டதே என்பீர்கள். அது வேறு நிறுவனம், வேறு கூலி. அவர் கையில் கொழுந்துக் கூடை இல்லை.

லயத்தில் இருக்கிற பிள்ளைதான் அந்த டிக்கெட்டையும் வாங்குகிறது. நாள் சம்பளத்தில் அரைவாசியைக் கொடுத்து மாத்தளையில் விசில் அடிக்கிறது. தன்னை ஒரு தடவையாவது திரையில் பார்க்கலாம் என்று அது கேட்டதில்லை. கேட்கத் தெரியாமல் வளர்த்ததில் எங்களுக்கும் பங்குண்டு.

போன வாரம் விகாரைக்குப் போனேன். வாசலருகே ஒருவர் ஓலையில் எழுத்தாணியால் கீறிக் காட்டிக்கொண்டிருந்தார். கீறும்போது ஒன்றும் தெரியாது; கரியும் எண்ணெயும் தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழும்பி வரும். உங்கள் பெயரை எழுதட்டுமா மஹத்தயா என்று கேட்டார். பெயர் வேண்டாம், ‘21 நாள்’ என்று எழுதுங்கள் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. எழுதி, தடவி, துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, இன்னொரு ஓலையையும் கையில் எடுத்தார்.

“ஒரு கொப்பியும் எழுதி வைக்கவா?”