வத்திக்கானில் ஒரு காட்டேரி

சினிமா விமரிசனத்தைப் பாதிரிமார் கையில் கொடுத்தால், பேய் வருகிற படம், நாஸ்திகர் எடுத்த படம் எல்லாம் நேரே நரகத்துக்குத்தானே?

சினிமாவின் நூற்றாண்டை முன்னிட்டு 1995-ல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் ஜாபிதாவில், மனித ரத்தம் குடிக்கும் காட்டேரியைக் கதாநாயகனாக (அப்படித்தான் சொல்ல வேண்டும்!) கொண்ட 1922-ம் வருஷத்து ஜெர்மன் மௌனப்படமான 'நோஸ்ஃபெராட்டு', கலை என்ற பிரிவில் சர்வ கௌரவத்துடன் வீற்றிருக்கிறதே! மத்தேயு சுவிசேஷத்தை 1964-ல் படமாக்கி அதே ஜாபிதாவில் இடம்பெற்ற இத்தாலிய டைரக்டர் பசோலினியோ, சாக்ஷாத் நாஸ்திகர், மார்க்ஸீயவாதி. அவர் அப்படத்தைச் சமர்ப்பித்தது பாப்பரசர் 23-ம் அருளப்பரின் நினைவுக்கு.

பாவத்தைக் காட்டுகிற கதையெல்லாம் ஆகாதென்றால், பிறன்மனை நயந்து, அவள் புருஷனையும் போர்முனையில் மாளச் செய்த, பைபிளிலேயே வருகிற தாவீது ராஜாவின் சரித்திரத்துக்கு எந்தப் பாதிரியார் தணிக்கைச் சான்றிதழ் வழங்குவார்?