தேதியைப் பாத்தியா மருமவனே?

இன்னா மருமவனே, காலையிலேயே ஏஜென்ட் பைக்குல பின்னாடி குந்திக்கினு பொன்னேரி போனியாமே? ஹெல்த் இன்சூரன்ஸ் போட்டாச்சு, இனிமே எந்த ஆஸ்பத்திரியும் நம்மள ஒண்ணும் பண்ண முடியாதுன்னு படகுத்துறையில நின்னு வேற பேசுனியாம். நல்ல காரியம். பேரு சரியா போட்டிருக்கானான்னு பாத்திருப்பே. போட்டோவுல மீசை நல்லா விழுந்திருக்கான்னு ரெண்டு தரம் பாத்திருப்பே. அதுக்குக் கீழே பொடி எழுத்துல ஒரு தேதி இருக்குமே, அதைப் பாத்தியா? ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் வுடுறான், கடலுக்குப் போவாதேன்னா மட்டும் என்னிக்கு, எத்தினி மணிக்குன்னு நாலு பேர்கிட்ட கேட்டு வெச்சிக்கிறே. துட்டு கட்டுன காயிதத்துல தேதி பாக்குறதுக்குக் கண்ணு வலிக்குது.

நம்ம ஏரியில மீன் பிடிக்கிற பாடு எப்படிடா நடக்குது? சீட்டுப் போட்டு, இந்தப் பாடு இன்னிக்கு இவனுக்குன்னு முடிவு பண்ணிட்டா அவ்வளவுதான். உன் முறை இல்லாத அன்னிக்கு எறா எகிறி உன் மடியில வந்து வுழுந்தாலும் வலையை இறக்க முடியாது. இறக்குனா ஊரே கூடிப் பஞ்சாயத்து வெச்சிடும். இன்சூரன்ஸுக்காரன் நம்ம ஊரு ஆளு இல்ல, ஆனா அவனுக்கும் பாடு கணக்கு தெரியும். துட்டு கட்டுன நாளு வேற, உன் முறை வர்ற நாளு வேற.

புதுசா பாலிசி எடுத்தா மொத 30 நாளைக்கு நோவுக்குப் பணம் கிடையாது. விபத்துக்கு மட்டும் மொத நாள்லேருந்தே உண்டு. அதனால இந்த ஒரு மாசத்துக்கு உனக்குக் காய்ச்சல் வரக்கூடாது. ஜெட்டியில வழுக்கி வுழுந்து கையை ஒடிச்சிக்கலாம், தாராளமா. உன் சர்க்கரை இருக்கே, அதுக்கு இன்னும் பெரிய வாயிதா. ஏற்கெனவே இருக்குற நோவுக்கு 36 மாசம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம். 2024க்கு முன்னாடி அது 48 மாசம், நீ கொடுத்து வெச்சவன். சர்க்கரை இருக்குன்னு பாரத்துல எழுதுனியா? ஏஜென்ட் வாணாம்னு சொன்னானா? அடப்பாவி, நாளைக்கு ஆஸ்பத்திரியில கெடக்கப் போறது அவனா, நீயா? மறைச்சது தெரிஞ்சா கம்பெனிக்காரன் கையை விரிப்பான். அப்போ ஏஜென்ட்டும் போனை எடுக்க மாட்டான்.

சரி, அது கெடக்கட்டும். எனக்கு வயிறு எரியிறது வேற இடத்துல. நவம்பர் கடைசி வரைக்கும் துறைமுகத்துல கான்ட்ராக்ட்டுல இருந்தியே, மாசாமாசம் சம்பளத்துல முக்கால் பர்சென்ட் ஈ.எஸ்.ஐ.ன்னு பிடிச்சானே, முதலாளி பங்கா மூணேகால் பர்சென்ட் போட்டானே, அது எங்க போச்சுன்னு கேட்டியா? வேலை போன அன்னிக்கே கார்டும் போச்சுன்னு நெனச்சிட்டே. கேளுடா கணக்கை. ஏப்ரல்லேருந்து செப்டம்பர் வரைக்கும் ஒரு கட்டம். அந்தக் கட்டத்துல 78 நாளைக்குக் குறையாம உன் பேர்ல பணம் கட்டியிருந்தா, அதுக்குண்டான வைத்தியம் அடுத்த ஜூன் 30 வரைக்கும் உண்டு. உனக்கு மட்டுமா? பொண்டாட்டி புள்ளைக்கும் சேத்துத்தான். அக்டோபர்லேருந்து மார்ச் வரைக்கும் இன்னொரு கட்டம்; அதுல 78 நாள் தேறுனா டிசம்பர் கடைசி வரைக்கும் ஓடும். நீ ரெண்டே மாசம்தான் இருந்தே, அது தேறாது. ஆனா மொத கட்டம் முழுசா இருந்தியே! போன வாரம் பொண்டாட்டிக்கு ஸ்கேன் எடுக்க வட்டிக்குக் கடன் வாங்கிக்கினு ஓடுனே. அப்போ உன் ஈ.எஸ்.ஐ. கார்டு எங்க இருந்துது தெரியுமா? தூண்டில் முள்ளு டப்பாவுக்கு அடியில, மடவைச் செதிலு ஒட்டிக் காஞ்சு போய்க் கெடந்துது. நான்தான் பாத்தேன்.

இன்னொண்ணு. ஈ.எஸ்.ஐ.யில இத்தினி வருஷம் இருந்தேன், அதைக் கழிச்சுக்கோன்னு தனியார் கம்பெனிகிட்ட போய் நிக்காதே. இது வேற கடை, அது வேற கடை. ஆபீஸ்ல குரூப் பாலிசி வெச்சிருந்தவன், அது முடியறதுக்குள்ள அதே கம்பெனியில தனி பாலிசிக்கு மாறிக்கினா காத்திருந்த காலத்தைச் சேத்துக்குவாங்க. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

இது நம்ம ஊரு கூத்து மட்டும்னு நெனைக்காதே. எறா வாங்க வந்த ஒரு அமெரிக்காக்காரப் பொண்ணு சொல்லுச்சு: அங்கேயும் வேலை போனா 60 நாளைக்குள்ள புது இன்சூரன்ஸ் எடுக்கணுமாம், எடுத்தாலும் அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிதான் ஆரம்பமாம். டாலர் கட்டுறவனும் தேதிக்குத்தான் காத்துக் கெடக்குறான்.

பேங்குல இருபது ரூபா விபத்து இன்சூரன்ஸ் இருக்கே, அது இன்னும் தமாஷ். ஜூன் 1லேருந்து மே 31 வரைக்கும் ஒரு வருஷம், செத்தா ரெண்டு லட்சம். புதுப்பிக்கிற துட்டை மே மாசக் கடைசியில கணக்குலேருந்து அவனே எடுத்துக்குவான். நம்ம கடக்கரையில ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். காசிமேட்டுல விசைப்படகு கட்டிப் போட்டுட்டா, கூலிக்குப் போற உன் கணக்குல மே மாசக் கடைசியில இருபது ரூபா எங்கடா இருக்கும்? டெல்லியில தேதி குறிச்சவன் எறா தின்னவனா இருக்கலாம், பிடிச்சவனா இருக்க முடியாது. அந்த இருபது ரூபாயை மட்டும் தொடாம வையி. வுட்டுட்டு அப்புறம் சேந்தியானா, துட்டு எடுத்த நாள்லேருந்துதான் கணக்கு. நடுவுல போனது போனதுதான்.

முதலமைச்சர் காப்பீட்டுக்கு மட்டும் இந்த 30 நாளு, 36 மாசம் எதுவும் கெடையாது. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா குடும்பத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும். பழைய நோவா, புது நோவான்னு கேக்க மாட்டான். சளிக்கும் இருமலுக்கும் அது இல்ல, பட்டியல்ல இருக்குற ஆபரேஷனுக்கும் பெரிய வைத்தியத்துக்கும்தான். வி.ஏ.ஓ.கிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டை எடுத்துக்கினு, வூட்டாளுங்களையும் கூட்டிக்கினு திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் போவணும். பஸ் மாறி மாறி ஒரு நாள் போயிடும். போனா போவுது, சீட்டாட்டத்துல போவாத நாளா? ஆனா இதை நெஞ்சு வலி வந்து ஆட்டோவுல ஏறுனப்புறம் நெனைக்காதே. ஈ.எஸ்.ஐ. முடியற ஜூன் 30 வர்றதுக்குள்ள முடி.

எங்க ஓடுறே? மொதல்ல அந்த ஈ.எஸ்.ஐ. கார்டை எடுத்தா. நம்பரு தெரியுதா பாரு. செதிலைச் சுரண்டு... டேய், கத்தியால இல்லடா, நகத்தால!