பேர் விழாமை: லிங்கரும் பிரட்டுக்களமும் குறித்து ஓர் ஆய்வு

புரோகிராமின் துண்டுகளைக் கோக்கும் உலகத்து லிங்கர்கள் எல்லாம், பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு ஆள் பதியும் கங்காணி வமிசம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஆய்வுக்களம், இலங்கையில் பெல்மதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயக் காம்பரா. கருவி, சார்ஜர் வயரை ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டிய லேப்டாப். பிடித்தவன் நான். தட்டியவன் கெம்பஸ் படிக்கும் அக்கா மகன். சாட்சி, நாற்பது வருடம் கொழுந்தெடுத்த என் அம்மா.

மருமகனின் சி புரோகிராம் வர்க்கமூலம் கேட்டது. கம்பைல் ஆனது, லிங்க் ஆகவில்லை. ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்றது திரை.

"கணித லைப்ரரிய எல்லாத்துக்கும் முன்னாலேயே குடுத்திருக்கேன் மாமா!"

முன்னால் கொடுத்ததுதான் பிழை. லிங்கர் இடமிருந்து வலமாக ஒரே நடை நடக்கும். கையில் ஒரு சீட்டு, அதில் இன்னும் ஆள் கிடைக்காத பெயர்கள். எதிர்ப்படும் டாட் ஏ லைப்ரரியில் அந்தப் பெயருக்குரியவர் இருந்தால் இறக்கிக்கொள்ளும். சீட்டு காலியாக இருந்தால் ஒருவரையும் இறக்காது, திரும்பியும் வராது. உபுண்டு 11.10 முதல் டாட் எஸ்ஓ லைப்ரரிக்கும் ஏறக்குறைய இதே கதிதான்.

அம்மா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். "பேர் கூப்பிட முந்தி பெரட்டுக்கு வந்துட்டுப் போனா, பேர் விழுமாடா?"

லைப்ரரியை வரியின் கடைசிக்குத் தள்ளினோம். பேர் விழுந்தது.

ஒன்றையொன்று தேடும் இரண்டு லைப்ரரிகள் என்றால் ‘ஸ்டார்ட் குரூப்’ போடவேண்டும். புதிதாக யாரும் கிடைக்காமல் போகும்வரை லிங்கர் திரும்பத் திரும்பக் கூப்பிடும். எந்தக் கங்காணிக்கும் இவ்வளவு பொறுமை கிடையாது. இரண்டு லைப்ரரிகளில் ஆளுக்கொரு மாரியாயி இருப்பதுதான் உண்மையான ஆபத்து. முதலில் கண்ட மாரியாயிக்குப் பேர் போட்டுவிட்டு லிங்கர் சத்தமில்லாமல் போய்விடும். கிலோ கணக்கு இடிக்கும்போதுதான் தெரியும்.

பெல்மதுளை வழியாக 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்ட களனிவெளி ரயில் பாதையின் அகலம் அன்று 2½ அடி. பிரதான பாதையோ 5½ அடி. 32 பிட் லைப்ரரியை 64 பிட் புரோகிராமோடு கோக்கப் பார்ப்பவர் இதை எண்ணிக்கொள்க.

இனி, பெயர் திரிதல். இரண்டு முழு எண் வாங்கும் ‘ஆட்’ என்ற ஃபங்ஷன், சி++ கம்பைலரிடம் போய்வந்தால் ‘அண்டர்ஸ்கோர் இசட் 3 ஆட் ஐ ஐ’ ஆகிவிடும். சி மொழிக் கோப்பு ‘ஆட்’ என்று கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. ‘எக்ஸ்டேர்ன் சி’ போட்டால் பெயர் திரியாது; திரிந்ததைப் படித்துச் சொல்ல ‘சி++ஃபில்ட்’ உண்டு. தோட்டத்துப் பிறப்புப் பதிவில் திரிந்த பெயருக்கோ சத்தியக் கடதாசிதான் கதி. (பிரட்டில் தினமும் விழுந்த பெயர்கள் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாட்டின் சீட்டில் விழாமல் போனதும் இவ்வகைதான். அதைத் திருத்த எத்தனை பில்ட் ஓடியது என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.)

அம்மாவின் பெயர் காத்தாயி. பதிவில் எழுதியவர் காதில் விழுந்தது ‘கத்தை’. அடையாள அட்டையிலும் அதுவே. கிளினிக்கில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால், பக்கத்திலிருப்பவர் இடித்துச் சொல்லும்வரை அம்மா இன்றைக்கும் எழும்புவதில்லை.