கொழும்பு லொறியில் ஏறும் மண்

கொடிகாமம் சந்தையிலிருந்து ஒரு பலாப்பழ வியாபாரி:
ஒரு மரம் வருஷாவருஷம் இத்தனை பழம் காய்க்கிறது. அவ்வளவு பாரமும் மண்ணிலிருந்து வந்தால், மரத்தடியில் கிணறளவு பள்ளம் விழ வேண்டாமோ?

விழாது, பயமில்லாமல் ஏற்றுங்கள். சுளையில் முக்கால் பங்கு தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இலை வெயிலில் சமைத்தது. இதே சந்தேகம் புருசல்ஸ் வைத்தியர் வான் ஹெல்மொண்டுக்கும் வந்தது. ஏறக்குறைய 90 கிலோ உலர்மண்ணில் ஒரு வில்லோக் கன்றை நட்டு, 5 வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். 2 கிலோ சொச்சக் கன்று 76 கிலோவைத் தாண்டியது. மண்ணில் குறைந்ததோ வெறும் 57 கிராம். 'எல்லாம் தண்ணீரின் வேலை' என்று முடிவு கட்டினார், காற்றை விட்டுவிட்டார். அவர் இறந்தபின் 1648-இல் அது அச்சேறியது. அந்த 57 கிராமை அவர் பொருட்படுத்தவில்லை. நீங்கள் மறக்காதீர்கள், கீழே அதற்கு வேலை இருக்கிறது.

மிருசுவிலிலிருந்து ஆடு வளர்ப்பவர்:
கிடாய்க்குக் கட்டுக்கட்டாய்ப் பலாக்குழை போடுகிறேன். தின்றதெல்லாம் எங்கே போகிறது?

ஒரு பங்கு கொட்டிலிலேயே கிடக்கிறது, கூட்டும்போது கண்டிருப்பீர்கள். செமித்ததிலும் பெரும்பகுதி நடக்க, கத்த, அயல்வீட்டு வேலி பாயச் செலவாகி வெப்பமாய்ப் போய்விடும். உடம்பில் ஏறுவது, பொதுக்கணக்கில், நூற்றுக்குப் பத்து. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சின்னக் குளத்தை ஆராய்ந்து இந்தக் கணக்குக்கு 1942-இல் அத்திவாரம் போட்டவர் ரேமண்ட் லிண்டெமன். கட்டுரை அச்சாகுமுன்பே இளவயதில் இறந்துபோனார். சந்தையில் பத்து வீதம் கழிவு எடுத்தாலே சண்டைக்கு நிற்கிறோம். இயற்கை தொண்ணூறு வீதம் கழித்துவிட்டுத்தான் கையில் தருகிறது.

வரணியிலிருந்து உயர்தர மாணவி:
பொருள் சுழல்கிறது. சக்தி ஏன் சுழல்வதில்லை?

வெப்பமாய்ச் சிதறியதை எந்த இலையாலும் திரும்பப் பிடிக்க முடியாது. நல்லவேளை, சூரியன் நாள்தோறும் புதிதாய் அனுப்புகிறது. பொசுபரசுக்கும் பொட்டாசியத்துக்கும் அப்படி வானத்தில் ஆளில்லை. இருப்பதையே திரும்பத் திரும்பப் பாவிக்க வேண்டும். பரீட்சையில் இவ்வளவும் எழுதினால் போதும், மிருசுவில் கிடாயை விட்டுவிடுங்கள்.

கச்சாயிலிருந்து கடற்றொழிலாளி:
கண்டல் இலை எதற்கும் உதவாது. வெட்டினால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் இறால் குறையும். பச்சையாய் அதிகம் பேர் தொடாத இலை, விழுந்து ஊறிய பிறகுதான் விருந்தாகிறது. பங்கசும் பற்றீரியாவும் முதலில் கை வைக்கும், நண்டு கிழிக்கும், துகளை இறாலும் மீன்குஞ்சும் மேயும், அவற்றைக் கொடுவா பிடிக்கும், கொடுவாவை நீங்கள் பிடிப்பீர்கள். இத்தனை தரம் கழிவு வெட்டியபின் மிஞ்சிய மீன், விலை கூடாமல் என்ன செய்யும்?

எழுதுமட்டுவாளிலிருந்து தோட்டக்காரர்:
அப்பாவுக்குப் பூவரசங்குழை போதுமாயிருந்தது. எனக்கு யூரியா மூட்டை மூட்டையாய் வேண்டியிருக்கிறது. மண்ணுக்கு என்ன வியாதி?

வியாதியில்லை, வியாபாரம். இப்போது 57 கிராமுக்கு வருவோம்: மண்ணிலிருந்து மரம் எடுக்கும் சத்து அந்தச் சொற்பம்தான், ஆனால் அது பழத்தோடு போய்விடும். 100 கிராம் பலாச்சுளையில் ஏறக்குறைய 450 மில்லிகிராம் பொட்டாசியம். ஊரில் தின்றால் அதில் கொஞ்சமாவது வளவுக்குத் திரும்பும். லொறி ஏறினால் கொழும்போடு சரி. அப்பாவும் விற்றார்தான். ஆனால் விற்றதற்கு ஈடாக வெளியிலிருந்து இழுத்தும் போட்டார்: குழை தாழ்த்தினார், வேலியில் உக்கிய பனையோலையைப் பிரித்துத் தோட்டத்தில் புதைத்தார், பட்டி அடைத்தார். மாடு பகலெல்லாம் தரவையில் மேய்ந்ததை இரவில் கூலி கேளாமல் தோட்டத்தில் இறக்கிவைத்தது.

யூரியாவும் எதிரியல்ல. 2021-இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாய் நிறுத்திவிட்டு, அந்த வருஷமே பின்வாங்கியது. மாற்றைச் சேர்த்துவைக்காமல் மூட்டையை மறித்தால் அப்படித்தான். அதற்காக அள்ளிக் கொட்டவும் கூடாது. யூரியாவில் பயிர் எடுக்காத நைதரசன் நைத்திரேற்றாகி, சுண்ணக்கல் வெடிப்பு வழியே கிணற்றுக்கு இறங்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய பசளையைத் தேத்தண்ணியில் குடிப்பது என்ன சிக்கனம்?

மீசாலையிலிருந்து ஓய்வூதியர்:
நான் போனபின் என் உடம்பின் சத்தெல்லாம் எங்கே போகும்?

காபனும் நைதரசனும் சுடலைப் புகையோடு காற்றுக்கு. எலும்பின் கல்சியமும் பொசுபரசும் சாம்பலாகும். பிள்ளைகள் கீரிமலையில் கடலில் கரைப்பார்கள். ஆக, ஆயுள் முழுக்க வளவில் சாப்பிட்டவர் வளவுக்கு ஒரு சதமும் எழுதிவைக்கவில்லை! மனம் கேட்காவிட்டால், இருக்கும்போதே பலாவடியில் நாலு கடகம் மாட்டெரு போட்டு, குழையும் தாழ்த்துங்கள். அதற்கு மரணசாதனமும் வேண்டாம், நொத்தாரிசும் வேண்டாம்.