லுங்கிக் கட்டம்

தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. மடியில் உட்கார வைப்பது, தோடு, சீர்த்தட்டு என்று தாய்மாமனுக்கு ஏற்கெனவே நீளமான பட்டியல். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தாய்மாமன் என்றால் கூடவே பேனரும் அவன் தலையில். நான் அங்கே பார்ப்பது சம்பளக் கணக்கு என்று சொல்லிப் பார்த்தேன். “அதுவும் கம்ப்யூட்டர்லதானே பாக்குற?” என்றாள். பதில் இல்லை.

போட்டோஷாப் வாங்க மனசு வரவில்லை. 1996-இல் பெர்க்லி மாணவர்கள் இரண்டு பேர் வெளியிட்ட ஜிம்ப் இருக்கிறதே, இலவசமாக. அதை இறக்கிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தேன். பத்தடிக்கு ஆறடி பேனர். இடது ஓரத்தில் கெட்டியான அரக்கு நிறம், வலப்பக்கம் போகப் போகச் சாயம் போன வேட்டி மாதிரி வெளிறி, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போய்விட வேண்டும். நடுவில் குடும்பம். இதுதான் திட்டம்.

கிரேடியன்ட் கருவியை எடுத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓர் இழுப்பு இழுத்தேன். தங்கச்சி, மச்சான், குழந்தை எல்லோரும் காணாமல் போனார்கள். நாமாக மாற்றாத வரை அந்தக் கருவி முன்னணி நிறத்திலிருந்து பின்னணி நிறத்துக்குத்தான் போகுமாம். அரக்கில் தொடங்கி வெள்ளையில் முடித்துவிட்டது. வெள்ளையும் ஒரு நிறம்தான், அடியில் இருப்பதை அதுவும் மூடும் என்பது எனக்கு உறைக்க முக்கால் மணி நேரம் ஆனது. பட்டியலைத் திறந்து ‘நிறத்திலிருந்து டிரான்ஸ்பரன்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து மறுபடி இழுத்தேன். அரக்கு பதமாகக் கரைந்து, வலது மூலையில் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டங்கள் தெரிந்தன.

தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

“ஏன்டா மூலையில லுங்கியக் காயப்போட்டிருக்க?”

“அது லுங்கி இல்லம்மா. அங்க ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம்.”

“ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்குடா லுங்கி?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நான்காவது எண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். அவற்றோடு ஆல்பா என்று நான்காவதாக ஒன்று. 0 என்றால் ஆள் இல்லை, 255 என்றால் முழு ஆள். 1977 வாக்கில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு படங்களைக் கலக்கும் சூத்திரத்தில் இருந்த கிரேக்க எழுத்தே பெயராக ஒட்டிக்கொண்டது. பின்னாளில் இந்தத் துறைக்காக ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் வாங்கினார்கள். ஆனால் அவர்கள் ஊரில் காதுகுத்து பேனர் கிடையாது. 0-க்கும் 255-க்கும் நடுவில் இருக்கும் எண்களுக்கெல்லாம் உறவுமுறை உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரியப்பாவின் ஒரே நல்ல படம் அடையாள அட்டைக்காக எடுத்தது. மார்போடு வெட்டுப்பட்டு நிற்கும். அப்படியே வைத்தால் அந்தரத்தில் தொங்குவார். எனவே லேயர் மாஸ்க் போட்டேன். அதில் வெள்ளை இருக்கும் இடத்தில் படம் தெரியும், கருப்பு இருந்தால் மறையும், சாம்பல் என்றால் அரைகுறை. வெள்ளையிலிருந்து கருப்புக்கு ஒரு கிரேடியன்ட் இழுத்ததும் பெரியப்பா சட்டைப் பைக்குக் கீழே அழகாக மேகத்தில் கரைந்தார். கலைஞனின் கர்வத்தோடு, காலமான தாத்தாவின் படத்துக்குப் பக்கத்திலேயே அவரை வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் பெரியப்பா என் போனை வாங்கி, இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார்.

“பாக்கெட்டுக்குக் கீழ என்னைக் காணோமே.”

“ஃபேட் பண்ணியிருக்கேன் பெரியப்பா. ஸ்டைலுக்கு.”

“எங்கப்பா பக்கத்துல நிறுத்தி, மேகத்தையும் விட்டுட்ட. தோற்றம், மறைவு ரெண்டும்தான் பாக்கி. அதையும் போட்டுடு.”

நம் ஊர் பேனர்களில் மேகத்திலிருந்து எழுந்து வருகிறவர்கள் யார் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். உயிரோடிருப்பவர்களின் படத்தை பேனரில் போடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் ஒரு உத்தரவு போட்டது. அதற்குப் பாதியாவது கட்டுப்பட்டவர் என் பெரியப்பா ஒருவராகத்தான் இருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முறைத்ததால் விழுங்கிவிட்டேன்.

மாஸ்க்கைக் கழற்றினேன். கழுத்துக்குக் கீழே மச்சானின் கல்யாணப் படத்திலிருந்து ஓர் உடம்பை வெட்டி ஒட்டினேன். பெரியப்பா மீண்டும் நெடுநேரம் பார்த்தார். “வாட்ச் நல்லா இருக்கு” என்றார்.

பிளக்ஸ் கடையில் அடுத்த அடி. மாதிரிக்கு ஒரு துண்டு ஓட்டிப் பார்த்த தம்பி, “கோடு கோடா விழுதுண்ணே” என்றான். உண்மைதான். கணக்குப் போட்டால் புரிகிறது. 0-விலிருந்து 255 வரை 256 படிகள். அவற்றைப் பத்தடிக்கு நீட்டினால் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய அரை அங்குலம். திரையில் பட்டாகத் தெரிந்தது பிளக்ஸில் ஜமக்காளமாகிவிட்டது. “மேல லேசா நாய்ஸ் தூவுங்கண்ணே, போயிடும்” என்றான். புள்ளிகளைப் பொடியாகத் தூவியதும் படி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போனது. அந்த ஒரு வரி வித்தைக்கே அவனுக்கு முழுக் கூலி கொடுத்திருக்கலாம். கொடுக்கவும் வேண்டியிருந்தது.

“ஜேபெக்கா குடுங்கண்ணே” என்றான். ஜேபெக்குக்கு ஆல்பா என்றால் என்னவென்றே தெரியாது. ஒன்றுமில்லாத இடத்திலும் எதையாவது பூசித்தான் மூடும். வெள்ளையைப் பூசட்டும் என்று விட்டேன். வலது மூலையில் கட்டங்கள் மறைந்து வெள்ளையாகிவிடும், அதன் மேல் இணையத்தில் எடுத்த டிரான்ஸ்பரன்ட் மயில் நிற்கும். கடைசி நேரத்தில் சேர்த்த மயில் அது. அதைச் சுற்றிலும் கட்டங்கள்தான் தெரிந்தன. பின்னால் இருந்த கட்டங்களோடு அவையும் கலந்துகிடந்ததால் திருப்தியாக அனுப்பிவைத்தேன்.

மண்டப வாசலில் பேனரைக் கட்டினார்கள். அரக்கு, பட்டு மாதிரி கரைந்திருந்தது. பெரியப்பா தன் வாட்சுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். வலது மூலை நான் எதிர்பார்த்தபடியே வெள்ளை. அதன் நடுவில் மயில். மயிலைச் சுற்றி, யாரோ புண்ணியவான் படத்தோடு சேர்த்தே வரைந்து வைத்திருந்த சாம்பல் கட்டங்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்தில்.

சீர்த்தட்டோடு வந்த அம்மா ஒரு நிமிடம் நின்றாள்.

“லுங்கி காய்ஞ்சிருச்சாடா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.